பரோட்டா மாவில் அளந்த முப்பது மில்லிமீட்டர்: கான்டெஸா முன்பக்க சஸ்பென்ஷன், ஒரு பட்டறை விமர்சனம்

பரோட்டா மாவை வைத்து வண்டியின் உயரத்தை முடிவு செய்கிற பட்டறையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டை பைபாஸை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்து கிடக்கும். அங்கேதான் எங்கள் 1994 கான்டெஸா காரின் மூக்கை, அதாவது முன்பக்க உயரத்தை, இறக்கினேன். ஆன செலவு 32,600 ரூபாய், ஆன நாள் 31. அதற்கு முன் வேறொரு இடத்தில் தொலைத்த பணமும் ரெண்டு டயரும் தனிக்கணக்கு. பழைய வண்டியைத் தாழ்த்திப் பார்க்க ஆசைப்படுகிற ஆட்கள் நம்ம பக்கம் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் சின்னதாக ஆப்செட் பிரஸ் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புக். கார் மெக்கானிக் கிடையாது. ஆனால் ரோலர் அழுத்தம் கால் மில்லி கூடினாலும் அச்சு பிசகும் தொழில் என்பதால், அளக்காமல் எதையும் நம்புகிற பழக்கம் இல்லை. வண்டி பெரியப்பாவுடையது. வள்ளியூரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர், வியாபாரம் நல்லா ஓடின காலத்தில் வாங்கினார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் 2019-ல் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

கான்டெஸாவை இந்திய மஸில் கார் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். வாக்ஸால் விக்டர் எஃப்.இ. என்ற இங்கிலாந்து வண்டியின் உடம்பை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் உத்தர்பாராவில் கட்ட ஆரம்பித்தது. அவ்வளவு பெரிய உடம்புக்குள் முதலில் வைத்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சினை! இசுஸு 1.8 லிட்டர் வந்த பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்தது. அதுவும் 88 குதிரைசக்திதான். அமெரிக்காக்காரன் வி8 வைத்து இருநூறு முந்நூறு என்று பேசுகிற இடத்தில் நாம் 88-ஐ வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துகிறோம். ஆனாலும் அந்த நீண்ட போனட்டை ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே நிறுத்திப் பாருங்கள், நாலு பேர் திரும்பிப் பார்க்காமல் போக மாட்டார்கள். 2002-ல் உற்பத்தி நின்றது. அன்றிலிருந்து உதிரிபாகத்துக்கு அலைச்சல்தான்.

எங்கள் வண்டிக்கு என்ன குறை என்றால், மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். பெரியப்பாவின் டிரைவர், ஏர்வாடி பக்கம் ரோட்டில் அடி தட்டுகிறது என்று முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேலே ரப்பர் பேக்கிங் வைத்திருந்தார். பின்பக்க ஸ்பிரிங் வயசாகி உட்கார்ந்துவிட்டது. ரெண்டும் சேர்ந்து, கரையில் இழுத்துப் போட்ட வள்ளம் மாதிரி ஒரு தோற்றம். நான் ஆசைப்பட்டது ரெண்டு இஞ்ச் இறக்கம். போட்டோவில் பார்த்த வண்டிகள் எல்லாம் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே விரல்கூட நுழையாதபடி நிற்கும் அல்லவா, அந்த ஆசை.

முதலில் போன பட்டறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். "ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுத்து வெட்டிட்டா முடிஞ்சுது சார், மத்தியானம் வந்து எடுத்துக்கோங்க" என்றார்கள். மத்தியானமே எடுத்துக்கொண்டேன். 3,500 ரூபாய். வண்டி பார்க்கவும் ஜோராக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மூன்று வாரம் கழித்து இடது பக்கம் வலது பக்கத்தைவிட 12 மில்லி தாழ்ந்திருந்தது. காஸ் கட்டரால் வெட்டியிருக்கிறார்கள். ஸ்பிரிங் எஃகின் வலுவே அதைப் பதப்படுத்தின சூட்டுக் கணக்கில்தான் இருக்கு. நெருப்பு பட்ட இடம் பதம் இழந்து, நாளாக நாளாகத் தளர்ந்து உட்காரும். வெட்டித்தான் தீரணும் என்றால் கட்டிங் சக்கரம் போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி வெட்டணும். அப்படி வெட்டினாலும் முனை, சக்கரத்தைத் தாங்குகிற கீழ் ஆர்மின் கிண்ணத்தில் பழைய மாதிரி படிந்து உட்காருகிறதா என்று பார்க்கணும். எனக்கு அதுவும் உட்காரவில்லை. ஒரு நாள் பஞ்சருக்கு ஜாக்கி வைத்தபோது சக்கரம் தொங்கியதும் ஸ்பிரிங் கிண்ணத்தில் லொடலொடவென்று ஆடியது. ஓடும்போது ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுசாக இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

இன்னொரு கணக்கும் அவர்களுக்குத் தெரியவில்லை. இந்த வண்டியில் முன்பக்கம் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், கீழ் ஆர்முக்கும் வண்டியின் குறுக்கே போகிற கிராஸ் மெம்பர் சட்டத்துக்கும் நடுவே காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங் உட்காருகிற இடம் ஆர்மின் நுனியில் இல்லை, ஏறக்குறைய நடுவில். கிணற்று ஏற்றம் மாதிரிதான்: நடுவில் ஒரு சாண் அசைந்தால் நுனியில் ரெண்டு சாண் அசையும். ஸ்பிரிங்கில் ஒரு இஞ்ச் குறைத்தால் சக்கரத்தில் ரெண்டு இஞ்ச் வரைக்கும் இறங்கும். ரெண்டு இஞ்ச் கேட்டவனுக்கு ரெண்டு இஞ்ச் ஸ்பிரிங்கை வெட்டிக் கொடுத்தால் வண்டி தரையில் படுக்காமல் என்ன செய்யும்? அதோடு, சுற்று குறைந்தால் மிச்ச ஸ்பிரிங் விறைப்பாகும். எட்டுச் சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றரை போனால் விறைப்பு 23 சதவீதம் கூடும். ஷாக் அப்சார்பர் பழசு. அது புது விறைப்பை அடக்க முடியாமல், வேகத்தடை தாண்டினதும் வண்டி நாலு தடவை தலையாட்டும்.

உள் விளிம்பு தேய்ந்த ரெண்டு டயரைக் கழற்றிப் போடும்போது ஓடியிருந்தது 2,800 கிலோமீட்டர். வண்டி தாழ்ந்ததும் சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்துவிட்டது, டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு) மாறியது, யாரும் அலைன்மென்ட் பார்க்கவில்லை. தென்காசி ரோட்டில் குழியும் மேடுமாக வருகிற இடத்தில் ஸ்டியரிங் தானாக ஒரு இழுப்பு இழுக்கும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடும் ஆர்மும் ஒரே வளைவில் ஏறி இறங்கும்படி கம்பெனியில் அமைத்த கணக்கு, உயரம் மாறினதும் குலைந்துவிட்டது. சக்கரம் மேலே போகும்போதே டை ராடு அதைத் திருப்பிவிடுகிறது. இன்னொரு ஏமாற்றம், ரவுண்டானாவில் வண்டி சாய்வது குறையவே இல்லை. உடம்பு தாழ்ந்தால் சாய்வு குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். கீழ் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே ஏறின நிலைக்குப் போய்விட்டால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, உடம்பு இறங்கினதைவிட அதிகமாக இறங்கிவிடும். கையில் வருவது அழகு மட்டும்.

இதற்கப்புறம் ரெண்டு மாதம் வண்டி ஷெட்டில் நின்றது. நான் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். அவன் கூட வேலை பார்க்கிறவரிடம் 1969 கமேரோ இருக்கு. "மாமா, இங்க எல்லாமே பெட்டியில வருது" என்று போனிலேயே காட்டினான். அவர் போட்டிருந்தது டிராப் ஸ்பிண்டில். சக்கரம் மாட்டுகிற அச்சு, வழக்கமான இடத்தைவிட ரெண்டு இஞ்ச் மேலே அமைந்த வார்ப்பு. ஸ்பிரிங், ஆர்ம் எதையும் தொடாமல் வண்டி ரெண்டு இஞ்ச் இறங்கிவிடும், ஆர்ம்களின் சாய்வு மாறாது. என்னைக் கேட்டால் தாழ்த்துவதற்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது. பழைய மஸ்டாங்கில் வேறொரு வித்தை. அதில் ஸ்பிரிங் மேல் ஆர்முக்கு மேலே நிற்கும். 1965 ஷெல்பி ஜி.டி.350-ல் மேல் ஆர்மின் பிவட்டை, அதாவது அது திரும்புகிற மூட்டை, ஒரு இஞ்ச் கீழே மாற்றினார்கள். அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் இன்றைக்கும் வீட்டிலேயே துளை போட்டு அதைச் செய்கிறார்கள். திருப்பத்தில் டயர் நிமிர்ந்து நிற்கும், வண்டியும் கொஞ்சம் தாழும். துளை போடுகிற செலவுதான்.

நம்ம கான்டெஸாவுக்கு அப்படிப் பெட்டியில் எதுவும் வராது. ஒரு லேத்துக்காரர் ஸ்பிண்டிலை வெட்டி, மேலே ஏற்றி வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொன்னார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். நீங்களும் அந்தப் பேச்சை எடுக்கிற இடத்தில் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஏர் சஸ்பென்ஷன் லட்சத்தைத் தாண்டுகிறது, ஆர்.டி.ஓ. ஆபீசில் பதில் சொல்லும்படியும் ஆகும். எனக்கு ரெண்டுக்கும் தெம்பில்லை.

காயிலோவர் மட்டும் ரொம்ப நாள் ஆசை காட்டியது. ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங், மரையைத் திருகி உயரத்தை ஏற்றி இறக்கலாம். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கப் போன கையை நிறுத்தியது ஒரு விஷயம். இந்த வண்டியில் உடம்பின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் உட்காருகிற கிராஸ் மெம்பர். ஷாக் மாட்டுகிற இடம் ஆட்டத்தை அடக்குகிற விசைக்கு மட்டும் செய்தது. காயிலோவரை அங்கே மாட்டினால் அந்த மூலையின் மொத்தப் பாரமும் அந்தச் சின்ன பிராக்கெட்டில் போய் உட்காரும். பிராக்கெட்டை வலுப்படுத்தாமல் காயிலோவர் மாட்டித் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் நம்பாதீங்க.

இந்த நிலையில்தான் பிரஸ்ஸுக்கு பில் புக் அடிக்க வந்த லாரிக்காரர் ஒருத்தர் வண்ணார்பேட்டை அண்ணாச்சி பட்டறையைச் சொன்னார். அண்ணாச்சிக்கு அறுபதுக்கு மேல் வயசு. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், முன்னால் குனிந்து பார்த்தார். எவ்வளவு இறக்கணும் என்று கேட்கவே இல்லை.

"வண்டிய எங்கனலாம் ஓட்டுவிய?"

"பாளை, டவுன். மாசத்துக்கு ஒருக்கா வள்ளியூர். சீசன் வந்தா குத்தாலம்."

"எத்தன பேரு ஏறுவிய?"

"அஞ்சு பேரு அண்ணாச்சி."

"வண்டி தாழணுமா தம்பி, தாழ்ந்தாப்புல தெரியணுமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் பையனைக் கூப்பிட்டார். "ஏலே, பரோட்டாக் கடையில போயி மாவு நாலு உருண்டை வாங்கிட்டு வா. எண்ணெ தடவாத மாவாக் கேளு, இல்லன்னா வழுக்கும்."

வந்த மாவை, சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கினால் இரும்பில் இரும்பு இடிக்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரின் முனையில் ரெண்டு பக்கமும் ஒட்டினார். மூன்றாவது உருண்டை சைலன்சர் ஜாயின்ட்டின் அடியில். நாலாவதைக் கிராஸ் மெம்பருக்குக் கீழே அப்பினார். பட்டறைப் பையன்கள் மூணு பேர், அண்ணாச்சி, நான் என்று அஞ்சு பேர் ஏறிப் பக்கத்து வேகத்தடைக்குப் போனோம். இருபத்தைந்து வேகத்தில் ஏறி இறங்கித் திரும்பி வந்து குழி மேலே வண்டியை நிறுத்தினோம். பம்ப் ஸ்டாப்பில் ஒட்டின மாவு நசுங்கி அப்பளத்தைவிட மெல்லிசாகியிருந்தது. அதை நகத்தால் உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஒம்ம ஸ்பிரிங்கு வேல செய்யல. இந்த ரப்பர்தான் வண்டியத் தாங்குது." சைலன்சரில் ஒட்டின மாவை மண்ணோடு சேர்த்து ரோடே எடுத்துக்கொண்டது.

இந்திய சாலைக் காங்கிரஸின் 1988 விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும். நம்ம கிராமத்து வேகத்தடைகளில் பாதி, கோயில் கொடைக்கு முந்தின வாரம் ஊர்க்காரர்களே சேர்ந்து போட்டவை. உயரத்தில் குறை வைக்க மாட்டார்கள், அகலத்தில்தான் சிக்கனம். சேரன்மகாதேவி ரோட்டில் பாபநாசம் போகும்போது ஒரு தடவை எண்ண ஆரம்பித்து முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். அமெரிக்காக்காரன் ரெண்டு இஞ்ச் என்று சொல்வது அவன் ரோட்டுக் கணக்கு.

அண்ணாச்சியின் விதி எளிமையானது. அஞ்சு பேர் ஏறி, வேகத்தடையில் இறங்கும்போதும் பம்ப் ஸ்டாப்புக்கும் ஆர்முக்கும் நடுவே ஒரு விரல் நுழையணும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கம்பெனி உயரத்திலிருந்து 30 மில்லி என்று முடிவு சொன்னார். பேக்கிங்கோடு நின்ற உயரத்திலிருந்து பார்த்தால் 55 மில்லி. "அம்பத்தஞ்சு கண்ணுக்குத் தெரியும், முப்பதுதான் வண்டிக்குத் தெரியும்" என்றார். நான் நாற்பத்தைந்து கேட்டு மல்லுக்கு நின்றேன். மனுசன் அசையவில்லை.

அவரே ஒரு குறுக்கு வழியையும் சொல்லிவிட்டு, அதில் உள்ள சிக்கலையும் சொன்னார். என் சக்கரம் 14 இஞ்ச், டயர் 185/70, அதாவது 185 மில்லி அகலம், பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம். அதை 185/60 ஆக்கினால் டயரின் ஆரம் மட்டுமே 18.5 மில்லி குறையும், சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம். ஆனால் வண்டிக்கு அடியில் உள்ள இடைவெளியும் அதே 18.5 மில்லி போகும். ஸ்பீடாமீட்டர் ஆறு சதவீதம் கூட்டிக் காட்டும், பழைய ஃபெண்டருக்குள் டயர் சின்னப்பிள்ளை மாதிரி தெரியும். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

புது ஸ்பிரிங் கோயம்புத்தூரில் சுற்றி வந்தது. பழைய ஜோடி மாதிரியே வெட்டாத ஸ்பிரிங் ஒன்று எங்காவது கிடைக்கிறதா என்று அண்ணாச்சி ஒரு வாரம் தேடி, நாகர்கோவில் பக்கம் உடைக்கப் போட்ட வண்டியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மாதிரிக்கு அனுப்பினார். கம்பியின் தடிமனை அரை மில்லி கூட்டச் சொன்னார். அரை மில்லியில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டேன். ஸ்பிரிங் விறைப்பு கம்பித் தடிமனின் நாலாம் அடுக்கில் ஏறும். 14 மில்லிக் கம்பி 14.5 ஆனால் 15 சதவீதம், 15 ஆனால் 32 சதவீதம். அண்ணாச்சிக்கு இந்தச் சூத்திரம் எல்லாம் கிடையாது. "அரைக்கு மேல போனா இடுப்பு போயிரும்" என்பதுதான் அவர் கணக்கு, ரெண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றது. உயரம் குறைந்தால் சக்கரம் மேலே ஏற இடமும் குறையும். அந்தக் குறைந்த தூரத்துக்குள் அடியைத் தாங்கக் கொஞ்சம் விறைப்பு வேணும், அவ்வளவுதான். ஷாட் பீனிங் (சின்ன எஃகு உருண்டைகளை வீசி மேற்பரப்பை வலுவாக்குவது) செய்திருக்கிறதா, முழுசாக அமுக்கிச் செட் பண்ணியிருக்கிறதா என்று போனில் ரெண்டு தடவை கேட்டுக்கொண்டார். செட் பண்ணாத ஸ்பிரிங் முதல் ஆறு மாதத்தில் தானாக உட்காரும், அப்புறம் 30 என்பது 40 ஆகும்.

பார்சலைப் பிரித்து மேஜையில் நிறுத்தினால் ஒன்று மற்றதைவிட 4 மில்லி உயரம். எனக்குக் கோபம். அண்ணாச்சி உயரமானதை டிரைவர் பக்கம் போட்டுவிட்டார். "நீரு ஒத்தையிலதான பாதி நாளு ஓட்டுவீரு?" சரிதான். ஆனாலும் இந்த விலைக்கு ஜோடி ஒத்து வந்திருக்கணும் என்பது என் கட்சி.

பட்டறைக்குக் காசு கொடுத்தது வீண் இல்லை என்று எனக்குத் தோன்றியது புஷ் மாட்டின அன்றைக்கு. ஆர்ம்களில் இருக்கிற ரப்பர் புஷ், உள்ளேயும் வெளியேயும் இரும்போடு ஒட்டியே வரும். அது சுற்றாது, முறுக்கிக்கொண்டு திரும்பும். வண்டியைத் தூக்கி வைத்து, ஆர்ம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், கீழே இறக்கினதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கின நிலையிலேயே நிற்கும். ஒரே வருஷத்தில் கிழியும். முதல் பட்டறையில் அப்படித்தான் கிழிந்தது. அண்ணாச்சி எல்லா போல்ட்டையும் கைப்பிடி இறுக்கத்தில் விட்டார். வண்டியைத் தரையில் இறக்கி, குழிமேல் தள்ளி நிறுத்தி, முன்னால் போய் பம்பரை நாலு அமுக்கு அமுக்கினார். பிறகு டிரைவர் சீட்டில் மூன்று அரிசிச் சிப்பம் ஏற்றினார். இப்போ வருகிற சிப்பம் 26 கிலோ என்பது வீட்டில் அரிசி வாங்குகிறவர்களுக்குத் தெரியும், 25 வரைக்கும் ஜி.எஸ்.டி. என்று வந்தபிறகு மில்காரர்கள் கண்டுபிடித்த ஒரு கிலோ. ஆக 78. நான் 81. "மூணு கிலோவ வீட்ல போயி கொறச்சுக்கிடும்" என்றார். அப்புறம் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்டதற்கு, கிரீஸ் காய்ந்தால் கட்டில் மாதிரி கிறீச்சிடும், குடும்ப வண்டிக்கு வேண்டாம் என்றார்.

கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, பார்த்தது தூக்குக்குண்டில். கொத்தனார் வைத்திருக்கிற அதே பித்தளைக் குண்டு. ஃபெண்டரிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஸ்டீல் ஸ்கேலில் பார்த்தார். மேல் விளிம்பு மூணு மில்லி சொச்சம் உள்ளே இருந்தால் அரை டிகிரி. மறுநாள் லேசர் அலைன்மென்ட் கடையில் கம்ப்யூட்டர் காட்டியது ஒரு பக்கம் 0.5, மறுபக்கம் 0.6. டோ அங்கே சரிசெய்தோம். அந்தக் கடைக்காரர் தூக்குக்குண்டுக் கதையை நம்பவில்லை.

பம்ப் ஸ்டாப்பைக் குட்டையாக்கி மாட்டினார். ஷாக் வேறொரு வண்டியுடையது, அளவு ஒத்துப் போனது. எந்த வண்டி என்று எழுதினால் அண்ணாச்சி அடுத்த தடவை என்னை உள்ளே விட மாட்டார். கணக்கு இது: ஸ்பிரிங் ஜோடி 9,500, ஷாக் ரெண்டு 5,200, புஷ் எல்லாம் 3,800, கீழ் பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கிற உருண்டை மூட்டு) ரெண்டு 3,600, பம்ப் ஸ்டாப் 600, அலைன்மென்ட் 900, கூலி 9,000. பால் ஜாயின்ட் என் பட்டியலில் இல்லை. கழற்றினபோது ஆட்டம் இருந்தது, காட்டிவிட்டுத்தான் மாற்றினார்.

குறைகளையும் சொல்லணும். ஏழு நாள் என்று சொல்லி 31 நாள் ஆக்கினார்கள். அதில் 18 நாள் ஸ்பிரிங்குக்கு, மிச்சம் அவர்களாக எடுத்துக்கொண்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார்கள். பில் கிடையாது, ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார் (பில் புக் அடிக்கிறவனுக்கு!). வெள்ளை ரூஃப் லைனிங்கில் அஞ்சு விரலும் கிரீஸாகப் பதிந்திருக்கு, இன்னும் போகவில்லை. வண்டியை வெயிலிலேயே நிறுத்துவார்கள். திருப்பத்தில் சாய்வைக் குறைக்கிற ஆன்டி ரோல் பாரின் புஷ்ஷை மாற்ற மறந்துவிட்டு, சத்தம் வருகிறது என்று நான் போய் நின்ற பிறகு மாற்றினார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்களும் ரசீது கேட்கிறவர்களும் அங்கே போக வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தது ஆனி மாதக் காற்றில். பாளையிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு தாண்டி முப்பந்தல் வரைக்கும். அந்தக் கணவாயில் காற்றாலைகள் சும்மா நிற்காது, பக்கவாட்டில் விழுகிற காற்று காரை ஒரு முழம் தள்ளும். முன்பெல்லாம் அங்கே ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டுவேன். இப்போது தள்ளினால் ஒரு தடவை அசைந்து நின்றுவிடுகிறது, திருத்தின பிறகு மறுபடி ஆடுவதில்லை. இதில் உயரம் குறைந்ததன் பங்கு கொஞ்சம்தான் என்று நினைக்கிறேன். புது ஷாக்கும் ஆட்டமில்லாத பால் ஜாயின்ட்டும் செய்த வேலை அதிகம். தாழ்த்தவே தாழ்த்தாமல் அந்த ரெண்டை மட்டும் மாற்றியிருந்தாலும் பாதிச் சுகம் கிடைத்திருக்கும் என்று இப்போது புரிகிறது. ஆனால் அப்போது இந்த அழகு வந்திருக்காதே.

கிராமத்து ரோட்டில் சின்னக் குழிகள் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக உறைக்கின்றன. பின் சீட்டில் உட்கார்ந்த வீட்டம்மா அதை உடனே கண்டுபிடித்தாள். அஞ்சு பேரோடு குற்றாலம் போய் வந்தபோது சைலன்சர் ரெண்டு இடத்தில் தட்டியது. ரெண்டுமே கொடைக்குப் போட்ட வேகத்தடை. திரும்பி வந்ததும் அண்ணாச்சி மறுபடி மாவு ஒட்டிப் பார்த்தார். பம்ப் ஸ்டாப்பில் மாவு 14 மில்லி மிச்சம். விரல் நுழைந்தது. பின்பக்க ஸ்பிரிங் இன்னும் பாக்கி, தை பிறக்கட்டும் என்றிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டியை வள்ளியூருக்கு எடுத்துப்போனேன். பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வண்டியை முன்னும் பின்னுமாக ஒரு சுற்று சுற்றினார். ஃபெண்டரைத் தடவினார். நான் பெருமையாக நிற்கிறேன்.

"ஏல, முன்னால எங்கயும் கொண்டு இடிச்சிட்டியா?"

இல்லை என்று விளக்கிச் சொன்னேன். முப்பது மில்லி, கோயம்புத்தூர் ஸ்பிரிங், பரோட்டா மாவு, எல்லாம். அவர் காதில் பாதிதான் ஏறியது. கதவைத் திறந்து, கம்பை என்னிடம் நீட்டிவிட்டு, கையைப் பிடிக்கச் சொல்லாமல் தானாகவே உட்கார்ந்தார்.

"ஏறுததுக்கு லேசாத்தான் இருக்கு. வண்டிய எடு, பணகுடி வரைக்கும் போயிட்டு வருவோம்."